கனத்த மூச்சு முதலில்

“எங்கக்காவை இந்த வெள்ளிக்கிழமை கீழ இறக்கக் கூடாது சார்.”

சிலம்பாயி நின்றபடியே சொன்னாள். கேட்கிற குரல் இல்லை அது. மலைத்தட ஆணையத்தின் இயக்குநர் ஞானப்பிரகாசம் டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் வேலையில் சேர்ந்த அன்று அவர் சொல்லியிருந்த புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: “உங்க ஊருக்குன்னு எதையும் கேட்டு வந்துடாதம்மா. ஒருதடவை கேட்டுட்டா அப்புறம் நீ அதிகாரி இல்ல, மனு குடுக்க வந்த ஆளு.” அப்போது உயிரோடு இருந்த அவளுடைய அப்பாவும் அதைத்தான் வேறு மாதிரி சொல்லி அனுப்பியிருந்தார்: “உன்னால எங்களுக்கு எதுவும் நல்லது நடக்க வேண்டாம் சாமி. உன் வேலைக்குக் கெட்டது வராம இருந்தாப் போதும்.”

இரண்டு பேர் சொல்லையும் அவள் இன்று மீறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இறக்கம் என்பது சேலத்துக்காரர்களுக்குக் காலையில் பால் வருவது மாதிரி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் செங்கரட்டு மலையிலிருந்து கம்பிவடப் பெட்டிகள் வரிசையாக இறங்கும். பெட்டிக்குப் பன்னிரண்டு பேர். மலைமேல் இருக்கும் ஒரே ஊர் நெல்லித்திட்டு. அதன் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பாய், தூக்குச்சட்டி, மாத்திரைப் பை சகிதம் ஐந்து மணிக்குள் அடிவாரத்துக் ‘கீழிருப்புக் கூடத்’துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். ஞாயிறு மாலை வரை அங்கேதான் இருக்க வேண்டும். ஏசி உண்டு, சாப்பாடு உண்டு, சுவர் முழுக்கப் படம் ஓடும். அவர்கள் காலியாக்கிவிட்டு வந்த மலையை நோக்கி, மறுநாள் விடியற்காலையில் முந்நூற்றைம்பது சைக்கிள்கள் கிளம்பும்.

எல்லாம் ஒரு சூத்திரத்தின்படி நடந்தது. மலைகளில் என்ஜின் வண்டிகளைத் தடைசெய்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு ஆட்களையும் அளக்க வேண்டியதாயிற்று. ஒரு மனிதன் காட்டுக்குத் தரும் தொந்தரவை, அவன் சத்தம், வாடை, நடமாட்டம் எல்லாவற்றையும், ஒரே எண்ணாகச் சுருக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த எண்ணுக்குப் பெயர் ‘மூச்சுப் பளு’. ஆளுக்கு ஆள் காறையெலும்பின் அடியில் அரிசி அளவு வில்லை ஒன்று பதித்திருக்கும். மலைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை அது மையக் கணினிக்குச் சொல்லும். செங்கரடு தாங்கும் பளு முந்நூற்று அறுபது. சுற்றுலாத் தடங்கள் திறப்பது சனி, ஞாயிறு மட்டும், சைக்கிளுக்கு மட்டும். அந்த இரண்டு நாளும் விருந்தினர் முந்நூற்றைம்பது பேர், ஆணையத்தின் பணியாளர் பத்துப் பேர். ஊருக்கு இடமில்லை. யார் முதலில் இறங்குவது என்பதற்கும் விதி இருந்தது: கனத்த மூச்சு முதலில் இறங்கும், சம எடை என்றால் முன்பதிவு வைத்திருப்பவர் தங்குவார். மலைக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு முன்பதிவு செய்து வைத்திருக்கவில்லை.

இந்தச் சூத்திரத்தை எழுதியது சிலம்பாயி.

நெல்லித்திட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். ஆய்வுக்காக அளவை முகமூடியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனபோது, நம்ம பொண்ணுக்குப் பரீட்சையாம் என்று ஊரே வரிசையில் வந்து உட்கார்ந்து மூச்சுவிட்டுக் கொடுத்தது. சாதாரண ஆளுக்கு ஒன்று என்றால் நிறைமாதப் பெண்களுக்கு ஒன்றேகால்தான் வந்தது. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாக்கினாள். பலாமரத் திருப்பத்தில், பதினொரு சதவீத ஏற்றத்தில், இரண்டு பக்கமும் பைகளைக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்து ஏறுகிற ஒருவரையும் அளந்தாள். எட்டு வந்தது. எட்டு ஆள் மூச்சு. “விருந்தினருக்கு எதுக்கம்மா இவ்வளவு நுணுக்கம்? எல்லாருக்கும் ஒண்ணுன்னு வை” என்று அப்போது ஆய்வுக் குழுவின் தலைவராக இருந்த ஞானப்பிரகாசம் சொன்னார். வைத்தாள். அந்தப் பக்கத்தைத் தானே தன் கையால் நீக்கினாள். அடுத்த மாதம் வேலைக்கான ஆணை வந்தது. யாரும் அவளை மிரட்டவில்லை. யாராவது மிரட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகவாவது இருந்திருக்கும்.

அதற்கப்புறம் தடங்களையும் அவளே வரைந்தாள். ஊரார் தண்ணீருக்குப் போன வழி ‘ஓடைத்தடம்’ ஆனது. பலாப்பழம் சுமந்து சந்தைக்கு இறங்கிய வழி ‘பலாத்தடம்’. செத்தவர்களைத் தூக்கிப்போன வழிக்கு ‘முகட்டுத்தடம்’ என்று பெயர் வைத்தாள். விருந்தினர்கள் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டது அதற்குத்தான். தடப் பரிசோதகராக அவளும் சனிக்கிழமைகளில் சைக்கிளில் மேலே போவாள். வேலையில் சேர்ந்ததும் நகரவாசியாகப் பதிவானவளுக்கு மற்ற நாளில் அனுமதி கிடையாது. ஆக, ஐந்து வருடமாக, வீட்டில் யாரும் இல்லாத நாளில் மட்டுமே அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“மாதாயிக்கு இந்த வாரம் பிரசவம் சார். சனிக்கிழமைன்னு சொல்லியிருக்காங்க. கீழ பொறந்தா கொழந்தை கீழாள்னு பதிவாயிடும். மூணு வயசு ஆனதும் சீட்டு இல்லாம மேல இருக்க முடியாது. அடிவார விடுதியில ஏற்கெனவே ரெண்டு புள்ளைங்க அப்படி இருக்கு.”

“விதி எழுதினது நீ.”

“தெரியும் சார். அதனாலதான் உங்ககிட்ட வந்து நிக்கறேன்.”

ஞானப்பிரகாசம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் துரத்திவிட்டிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் இழுப்பறையிலிருந்து நகக்கண் அளவு ஒட்டுத்தகடு ஒன்றை எடுத்தார்.

“உங்கக்கா வீட்டுல நிக்கறது பாவை எண் ஏழுதானே?”

சிலம்பாயிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பாவைகள் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆளில்லாத ஊரைப் பார்த்த விருந்தினர்கள், மலை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வாங்க என்று கேட்க ஒரு மனுஷன் இல்லை என்று புகார் எழுதினார்கள். மனுஷனை வைத்தால் பளு ஏறும். ஆகவே பன்னிரண்டு வீடுகளில், அந்தந்த வீட்டுக்காரர் சாயலில், பன்னிரண்டு இயந்திரப் பாவைகளை நிறுத்தினார்கள். ஊர் இறங்கிய பிறகு வரும், ஊர் ஏறுமுன் போய்விடும்; வீட்டுக்காரர்கள் அவற்றைப் பார்த்ததில்லை. பாவைக்கு மூச்சு இல்லை, பளு சுழியம்.

“ஏழாம் பாவையைப் பழுதுன்னு ஓரமா நிறுத்து. இந்தத் தகட்டை உங்கக்கா வில்லை மேல ஒட்டிடு. கணினிக்கு அவங்கதான் ஏழு. ஒண்ணே ஒண்ணு, விருந்தாளிங்க முன்னால மனுஷி மாதிரி நடந்துக்கக் கூடாது.”

அவள் தகட்டை வாங்கிக்கொண்டாள். நன்றி என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை, இயக்குநர் தந்த சிறப்பு அனுமதியில் ஒரு நாள் முன்னதாகவே அவள் மேலே போனபோது ஊர் இறங்கி முடிந்திருந்தது. அக்காவின் கணவரான மாமாவும் அம்மாவும்கூட இறங்கிவிட்டார்கள். மாதாயி மட்டும் ஆட்டுக்கொட்டகை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று, உள்ளே ஓரங்கட்டியிருந்த பாவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இவ்ளோ பெரிய மூக்காடி?”

“கொஞ்சம் பெருசுதான்.”

“கழுதை. சரி, இது என்னதான் பண்ணும்? நான் அதைப் பண்ணணுமில்ல.”

“யாராச்சும் வந்தா சிரிக்கும். மோர் குடுக்கும். ‘வாங்க, எங்க மலை புடிச்சிருக்கா?’ன்னு கேக்கும்.”

“எவடி அப்படிக் கேப்பா? வந்தவன்கிட்டப் போய் மலை புடிச்சிருக்கான்னு? நான் என்ன மலையை விக்கவா போறேன்?”

அந்த வசனத்தை எழுதியது சிலம்பாயிதான். அவள் பாவையின் தோளிலிருந்த விசையை அணைக்கப் போனாள். அணைவதற்குமுன் பாவை ஒருமுறை சிரித்தது. பாதியில் மூச்சைப் பிடித்து, மறுபடி விட்டு, தொண்டைக்குள் உருளும் சிரிப்பு.

மாதாயி திரும்பினாள். “அது என் சிரிப்பு.”

“ஆமாக்கா.”

“பரீட்சைக்குன்னு சொல்லித்தானேடி அன்னைக்கு என்னைச் சிரிக்க வெச்ச? கிச்சுக்கிச்சு மூட்டி?”

சிலம்பாயி குனிந்து, அக்காவின் காறையெலும்பின்மேல் தகட்டை ஒட்டினாள். முதல்முறை கோணலாகிவிட்டது. பிய்த்து மறுபடி ஒட்டினாள். மாதாயி முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு முதல் கூட்டம் வந்தது. அடிவாரத்திலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர், ஆயிரத்து நூறு மீட்டர் ஏற்றம். வியர்வை சொட்டச் சொட்ட, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, கூடாரமும் பாத்திரமும் அடைத்த பைகளோடு வேலியோரம் சைக்கிள்களைச் சாய்த்தார்கள். அந்த இரைப்பில் முற்றத்துப் பலாமரத்திலிருந்த அணில்கள் இரண்டும் ஓடி மறைந்தன. ஆணையத்தின் பச்சைச் சட்டையில் சிலம்பாயி ஓரமாக நின்றாள். மாதாயி மோர்ச் சொம்போடு வாசலுக்கு வந்தாள்.

“வாங்க. எங்க மலை… புடிச்சிருக்கா?”

நடுவயதுக்காரர் ஒருவர் சொம்பை வாங்காமல் மாதாயியைச் சுற்றி வந்து பார்த்தார். கூடவந்த பெண் வயிற்றை விரலால் லேசாகத் தட்டினாள்.

“புது மாடலுங்க. கர்ப்பிணி.”

“கான்செப்ட் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூஞ்சியைப் பாரு, சிரிக்கும்போதே கோணிக்கிட்டுப் போவுது. நாலாம் வீட்டுல ஒண்ணு இருக்கு பாரு, அது அச்சு அசல் மனுஷி.”

“வேர்க்கவேற செய்யுது இதுக்கு. ஐய.”

அவர் மணிக்கட்டைத் தட்டி மதிப்பீடு போட்டார். இரண்டு நட்சத்திரம். ‘செயற்கையாக உள்ளது. மேம்படுத்தவும்.’ பிறகு பச்சைச் சட்டையைக் கவனித்து, “மேடம், இதைக் கொஞ்சம் கவனிங்க. இவ்ளோ தூரம் மிதிச்சு வர்றோம்” என்றார்.

மாதாயியின் கை கதவுநிலையை இறுக்கிப் பிடித்திருந்தது. வலி தொடங்கிவிட்டது என்று சிலம்பாயிக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் அவள் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். கல்லூரியில் அவள் வாய்க்குப் பயந்து விடுதிக் காப்பாளரே வேறு பக்கம் போவார்.

“மன்னிச்சுக்குங்க சார்” என்றாள். “சரி பண்ணிடறோம்.”

அக்காவைக் காட்டி, அக்காவின் முகத்துக்காக, அக்காவின் வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டாள்.

மூன்று மணிக்குமேல் மாதாயியால் பாவையாக இருக்க முடியவில்லை. ஊர்ச் சாவடியில் இருந்த மருத்துவப் பாவையை சிலம்பாயி ஓடிப்போய் அழைத்து வந்து கதவைச் சாத்தினாள். முதல் அலறல் கேட்டதும் ஓடைத்தடத்தில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்கள் திரும்பின. அரைமணி நேரத்தில் வேலியோரம் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று ஒருவர் கேட்க, பிரசவக் காட்சியாம், புதுசாகச் சேர்த்திருக்கிறார்களாம் என்று இன்னொருவர் சொன்னது உள்ளேவரை கேட்டது. ஒருத்தி, பொம்மைக்குப் போய் இப்படி ஒரு கொடுமையா என்று அனுதாபப்பட்டாள். “சத்தம் போடாதீங்கப்பா, பதிவு பண்றேன்” என்றது ஒரு குரல்.

“கத்தலாமாடி?” என்று மாதாயி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “பொம்மை கத்துமா?”

“கத்துக்கா. நல்லாக் கத்து.”

நான்கே காலுக்குக் குழந்தை அழுதது. வெளியே கைதட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள்.

மருத்துவப் பாவை குழந்தையைத் துடைத்து, எடைபார்த்து, தன் நெஞ்சுத்திரையில் பதிவைக் காட்டியது. அதை வாசிக்கவும் செய்தது. குரல் ரொம்பக் கனிவு. “பெண். இடம்: நெல்லித்திட்டு. தாய்: பாவை எண் ஏழு. வகை: துணைக்கருவி. எண்: ஏழு-அ. மூச்சுப் பளு: சுழியம்.”

மாதாயி அரைமயக்கத்தில் இருந்தாள். “என்னடி சொல்லுது அது?”

“எடை சொல்லுதுக்கா.”

“எவ்வளவாம்?”

சிலம்பாயி திரையைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். “ரெண்டே முக்கால் கிலோ.”

“மூணாச்சும் இருப்பாடி. நல்லாப் பாரு.”

ஞாயிறு மாலை ஊர் ஏறி வந்தது. குழந்தையின் கணுக்காலில் கட்டியிருந்த பட்டையை மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘துணைக்கருவி’ என்ற சொல் அவருக்குப் புரியவில்லை. மனைவியிடம் கேட்டார். மாதாயிக்கும் தெரியவில்லை. இருவரும் சிலம்பாயியைப் பார்த்தார்கள்.

“நீதானே படிச்சவ” என்றாள் மாதாயி. “நீயே சொல்லு, என் புள்ளைக்கு என்னன்னு எழுதி வெச்சிருக்கீங்க?”

சிலம்பாயி சொன்னாள். எதையும் மறைக்காமல், எட்டு என்று வந்ததை ஒன்று என்று வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். மாமா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார். ஏழு மணிக்கு அவளுடைய அனுமதி முடிந்தது. கழுத்தடியில் வில்லை விறுவிறுத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பலாமரத் திருப்பத்தில் பிரேக் பிடிக்கத் தோன்றாமல் விழப்பார்த்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குச் சீக்கிரமே வந்து, தன் மேசையில் இருபது நிமிடம் உட்கார்ந்து ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் இயக்குநர் அறைக்குள் போனாள்.

ஞானப்பிரகாசம் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாம்மா, வா! உட்காரு. பாத்தியா? பிரசவக் காட்சியைப் பதினோரு லட்சம் பேர் பாத்திருக்காங்க. அஞ்சு நட்சத்திரம், எல்லாம் அஞ்சு. ‘கொழந்தை அழுகை அப்படியே நிஜம்’னு எழுதறான் ஒருத்தன். மார்கழி வரைக்கும் முன்பதிவு முடிஞ்சு போச்சு.”

“அது நிஜம் சார்.”

“அதைத்தானே சொல்றேன். ராத்திரி முழுக்க யோசிச்சேன். எதுக்கு இந்த இறக்கம்? எதுக்குக் கூடம், பெட்டி, சாப்பாடு? இருநூத்திப் பன்னெண்டு தகடு. அவ்வளவுதான். எல்லாரையும் பாவைன்னு பதிஞ்சுடுவோம். அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க இருக்கட்டும். வழக்கம்போல தண்ணி எடுக்கட்டும், ஆடு மேய்க்கட்டும், விருந்தாளி வந்தா ரெண்டு வார்த்தை பேசட்டும். சனி ஞாயிறு மட்டும் கொஞ்சம் பாத்து நடந்துக்கணும், கோபப்படாம, இருமாம, சும்மா சிரிச்சமாதிரி. அந்தக் கொழந்தைக்குப் பளு சுழியம். அதை மலையைவிட்டு இறக்க இனிமே எந்தச் சட்டத்தாலயும் முடியாது. நீ கேட்டது இதுதானே?”

கேட்டது இதுதான். வார்த்தைக்கு வார்த்தை கொடுத்துவிட்டார்.

“உங்களுக்கு ரெண்டு செய்தி வந்திருக்கும் சார். பாத்தீங்களா?”

அவர் மேசைத்திரையைத் தொட்டார். முதலாவது பதிவுத் திருத்தம்: தாய் மாதாயி, மலைவாசி, குழந்தை மலைவாசி, மூச்சுப் பளு ஒன்று, பாவை என்று பொய்ப்பதிவு செய்தவர் சிலம்பாயி. இரண்டாவது சூத்திரத் திருத்தம். கர்ப்பிணி: ஒன்றேகால். ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவர்: எட்டு. கீழே பலாமரத் திருப்பத்தின் அளவைப் பக்கம், ஐந்து வருடப் பழைய தேதியோடு இணைத்திருந்தது. சூத்திரத்தை எழுதியவர் கையெழுத்து மட்டும் போதும். அரசியல்வாதிகள் கைவைத்துவிடக் கூடாது என்று அந்த ஷரத்தைச் சட்டத்தில் சேர்க்கவைத்தவரே ஞானப்பிரகாசம்தான்.

அவர் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். ஊரே இருக்கும்போது பணியாளர் வேண்டியதில்லை. முந்நூற்று அறுபதில், குழந்தையோடு சேர்த்து ஊர் போக மிச்சம் நூற்று நாற்பத்தேழு. அதை எட்டால் வகுத்தார்.

“பதினெட்டுப் பேரா? வாரத்துக்குப் பதினெட்டுப் பேர்? முன்பதிவு பண்ணின மிச்சப் பேரை நான் எங்க வெச்சுக்கறது?”

“கூடம் காலியாத்தான் இருக்கும் சார்.”

“வெளையாடாத. எல்லாரும் மின்சைக்கிளுக்கு மாறிடுவாங்க. மோட்டார் இழுத்தா மூச்சு வாங்காது. அப்ப என்ன செய்வ?”

“மோட்டாருக்கும் ஒரு வரிசை சேர்த்திருக்கேன். பன்னெண்டு.”

“வேலை போகும். வழக்கு வரும். மனுஷியைப் பொம்மைன்னு பதிஞ்சது நீ.”

“நான்தான் பதிஞ்சேன். அதையும் எழுதியிருக்கேன். தகடு யார் குடுத்தாங்கன்னும் எழுதியிருக்கேன்.”

ஞானப்பிரகாசம் நாற்காலியில் சரிந்தார். திரையில் புதிய பட்டியல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கனத்த மூச்சுகளைக் கணினி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போயிற்று. அதில் ஒரு பெயரைப் பார்த்து அவர் நிறுத்தினார். அவர் குரல் இறங்கிவிட்டது. உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அம்மா, இதுல உன் பேரும் போயிடுச்சு. நீ இங்கத்துப் பதிவு. நீயும் விருந்தாளிதான். வரிசையில நாப்பதாயிரம் பேர் நிக்கறான். வாரத்துக்குப் பதினெட்டுன்னா, உன் முறை எப்ப வரும்னு தெரியுமா?”

“நாப்பத்தி ரெண்டு வருஷமும் சொச்சமும்” என்றாள் சிலம்பாயி. கையெழுத்துப் போடுவதற்குமுன் போட்டுப் பார்த்த கணக்கு. “அக்கா மகளுக்கு அப்ப, இப்ப எனக்கு இருக்கற வயசைவிட ஜாஸ்தியா இருக்கும்.”

“இரு, இன்னும் நேரம் இருக்கு. மத்தியானத்துக்குள்ள நீ திரும்ப வாங்கிக்கிட்டா…”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தில் அவளுடைய செருப்புச் சத்தம் படிவரைக்கும் ஒரே சீராகக் கேட்டது.